வீட்டுக்கு வந்தபின் சீழ் வைக்கும் புண்

பாலக்காடு மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையோரம் உள்ள எருத்தேன்பதி, வடகரப்பதி, கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து மக்களுக்கு ஆபரேஷன் என்றால் இரண்டு திசை. சித்தூர் தாலுகா ஆஸ்பத்திரி, பாலக்காடு மாவட்ட ஆஸ்பத்திரி என்று கேரளத்துக்குள்ளேயே பார்த்துக்கொள்ளலாம். எல்லை தாண்டிப் பொள்ளாச்சிக்கோ கோவைக்கோ போகலாம். வீட்டில் பேசுவது தமிழ், சொந்தக்காரர்களும் அங்கே என்பதால், எல்லை தாண்டுவோரும் நிறைய.

சிக்கல் வீட்டுக்கு வந்தபின் தொடங்குகிறது. ஆபரேஷன் புண்ணில் தொற்று வந்ததா என்று குறைந்தது 30 நாள் பார்க்க வேண்டும். உள்ளே பிளேட்டோ செயற்கை மூட்டோ வைத்திருந்தால் 90 நாள். நோயாளியோ சில நாளில் டிஸ்சார்ஜ் ஆகிவிடுகிறார். ஒரு வாரம் கழித்துத் தையலோரம் சிவக்கிறது, தொட்டால் சுடுகிறது, கட்டுத்துணியில் மஞ்சளாக ஈரம் படிகிறது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு நாலு மாத்திரை விழுங்குகிறார்கள். கோவையில் அறுத்த வயிறு எருத்தேன்பதியில் சீழ் வைத்தால் அது யார் கணக்கில் ஏறும்? அறுத்த டாக்டருக்குத் தெரியாது. கேரள சுகாதாரத் துறையின் ஏட்டிலும் அது ஏறாமல் போகலாம்.

கொரோனா காலத்தில் இந்தத் தொற்று என்ன ஆயிற்று? அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் 2020ஆம் ஆண்டுக் கணக்கில் ரத்தக்குழாய் டியூப், வென்டிலேட்டர் வழியாக வரும் தொற்றுகள் ஏறின. ஆபரேஷன் புண் தொற்று அப்படி ஏறவில்லை. கை கழுவினோம், முகக்கவசம் போட்டோம், பார்வையாளர்களைத் தடுத்தோம், அதனால்தான் என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. முதல் அலையின் உச்சமான 12 வாரங்களில் மட்டும் உலகெங்கும் சுமார் 2.8 கோடி ஆபரேஷன்கள் தள்ளிப்போகும் அல்லது ரத்தாகும் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருந்தார்கள். ஆபரேஷன்களின் எண்ணிக்கையும் தன்மையுமே மாறிவிட்ட ஆண்டை மற்ற ஆண்டுகளோடு நேராக ஒப்பிட முடியாது.

உறுதியான பாடம் அதே காலத்தில் வேறு இடத்தில் கிடைத்தது. 2020 ஜூனிலிருந்து 2022 மார்ச் வரை இந்தியா உட்பட 7 நாடுகளில், 81 ஆஸ்பத்திரிகளில், வயிற்று ஆபரேஷன் செய்துகொண்ட 13,301 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. செய்தது இவ்வளவுதான்: குடல் வேலை முடிந்து வயிற்றை மூடும் முன், டாக்டரும் நர்ஸும் கையுறையைக் கழற்றிப் புதிது போட்டார்கள், அதுவரை தொட்ட கத்தரி, இடுக்கியை ஒதுக்கிவிட்டு வேறு சுத்தமான கருவிகளால் தைத்தார்கள். வழக்கமான முறையில் 18.9 சதவீதமாக இருந்த தொற்று 16 சதவீதமாக இறங்கியது. ஆயிரம் பேரில் 29 பேர் தப்பினார்கள். இதற்குப் புது மருந்து வேண்டாம், பெரிய இயந்திரமும் வேண்டாம். இன்னொரு ஜோடி கையுறையும் தனியாக எடுத்துவைத்த ஒரு செட் கருவிகளும் போதும். இதைக்கூடச் செய்யாத தியேட்டர்கள் நம் பக்கம் இருந்தால், அதைப் பொறுத்துக்கொள்ளக் கூடாது.

இன்னொன்றையும் அந்த ஆண்டுகள் காட்டின. தனிமைப்படுத்தப்பட்ட ஒவ்வொருவரையும் கேரளம் போனில் கூப்பிட்டு விசாரித்தது. வார்டுக்கு வார்டு குழு போட்டது. ஆஷா பணியாளர்கள் வாசலில் வந்து நின்றார்கள். எல்லையில் வாகனத்தை நிறுத்தி யார் எங்கிருந்து வருகிறார்கள் என்று இரண்டு மாநிலமும் எழுதிக்கொண்டன. ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் அப்படித் தேடிய அரசுகளால், ஆபரேஷன் முடிந்து வந்தவரின் புண்ணை விசாரிக்க முடியாதா?

கேரளத்தில் 1056, தமிழ்நாட்டில் 104 என்று சுகாதார உதவி எண்கள் ஏற்கெனவே இருக்கின்றன. டிஸ்சார்ஜ் சீட்டில், நோயாளிக்குத் தெரிந்த மொழியில், எந்த அறிகுறி வந்தால் எந்த எண்ணுக்குக் கூப்பிட வேண்டும் என்று எழுதிக் கொடுக்கட்டும். 7, 14, 30ஆம் நாள்களில் ஆஸ்பத்திரியே கூப்பிட்டுக் கேட்கட்டும். வீடு அடுத்த மாநிலத்தில் இருந்தால், அந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தகவல் போகட்டும். பாலக்காடு, கோவை மாவட்ட சுகாதார அதிகாரிகள் ஒரு நாள் சேர்ந்து உட்கார்ந்தால் இதற்கு வழி பிறக்கும்.