அறிவுரைச் சீட்டு மட்டும் போதாது

நடக்க வேண்டும், சோற்றைக் குறைக்க வேண்டும், இனிப்பை விட வேண்டும். இரத்தச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்பவர் எந்த மருத்துவமனைக்குச் சென்றாலும் இவை காதில் விழும். மூன்றும் உண்மையே. ஆயினும் இவற்றைச் சொல்லிவிட்டதோடு மருத்துவத்தின் கடமை முடிந்துவிட்டதாகக் கருதும் வழக்கத்தை நாங்கள் ஏற்கவில்லை.

சான்று தேடி வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. சென்னையில் மருத்துவர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர் நடத்தி, 2006-இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு, நீரிழிவுக்கு முந்தைய நிலையிலிருந்த 531 பேரைச் சுமார் இரண்டரை ஆண்டுகள் பின்தொடர்ந்தது. பொதுவான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நீரிழிவு வந்தது. உணவையும் உடலுழைப்பையும் மாற்றிக்கொள்ளத் தொடர்ந்து துணைசெய்யப்பட்டவர்களில் 39 பேருக்கு வந்தது. மெட்ஃபார்மின் மாத்திரையின் பலனும் ஏறத்தாழ இதே அளவுதான்.

அந்த 39 பேரைக் குடும்பத்தினர் நினைவில் கொள்ள வேண்டுகிறோம். முயன்றவர்களுக்கும் நோய் வருவதுண்டு; ஆகவே சர்க்கரை வந்த ஒருவரை “வாயைக் கட்டவில்லை” என்று பழிப்பது முறையன்று.

அந்த ஆய்வில் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. ஏற்கெனவே உடலுழைப்பு மிகுந்தவர்களிடம், செய்வதையே தொடரும்படி சொன்னார்கள். சித்தாள் வேலை முடித்து மாலையில் வீடு திரும்பும் பெண்ணிடம் “தினமும் அரைமணி நேரம் நடக்கவும்” என்று அச்சிட்ட சீட்டை நீட்டும் நம் வழக்கத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

2013-இல் அதே ஆய்வாளர் குழு வெளியிட்ட முடிவு இன்னும் தெளிவானது. 537 ஆண்களுக்குத் தொடக்கத்தில் ஒரே விதமான அறிவுரை தரப்பட்டது. அவர்களில் பாதிப்பேருக்கு மட்டும் கைப்பேசியில் குறுஞ்செய்திகள் தொடர்ந்து சென்றன. இரண்டு ஆண்டுகளில் செய்தி பெறாதோரில் நூற்றுக்கு 27 பேருக்கும், பெற்றோரில் 18 பேருக்கும் நீரிழிவு வந்தது. வேறுபாட்டை உண்டாக்கியது விடாமல் நினைவூட்டியதுதான். பொதுச் சுகாதாரம் அறிவுரையை எடுத்துக்கொண்டு, பின்தொடர்தலை விட்டுவிட்டது என்பதே எங்கள் குறை.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. வாசல்வரை வரும் பணியாளருக்கு, வீட்டில் எட்டிப் பார்த்துக் கால்மணி நேரம் பேசவும் அவகாசம் தரப்பட வேண்டும். உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு போதும் என்கிறது. ஊறுகாயையும் அப்பளத்தையும் கருவாட்டையும் கணக்கில் சேர்க்கச் சொல்ல யாராவது வேண்டாமா?

அடுத்த முறை இங்கே வரும்போது, வீட்டில் சமைப்பவரையும் உடன் அழைத்து வாருங்கள். மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குகிறீர்கள், எத்தனை பேர் உண்கிறீர்கள் என்று ஒரு தாளில் குறித்து வந்தால், உணவியல் நிபுணர் அதிலிருந்தே பேச்சைத் தொடங்குவார்.