கண்ணாடிக் கட்டடத்துக்கும் சன்ஷேடு வேணும்!

2013-ல் லண்டனில் தெருவோரம் நின்ற ஜாகுவார் காரின் பாகங்கள் வெயிலில் உருகின. லண்டன் வெயிலிலா? ஆமாங்க. அருகே எழும்பிக்கொண்டிருந்த 'வாக்கி டாக்கி' கட்டடத்தின் வளைந்த கண்ணாடிச் சுவர், பள்ளியில் படித்த குழியாடி மாதிரி வெயிலைக் குவித்துத் தெருவில் பாய்ச்சிவிட்டது. அடுத்த வருடம் கண்ணாடிக்கு வெளியே வெயில் தடுப்புப் பட்டைகளை மாட்டினார்கள். நம்ம ஜன்னல் சன்ஷேடு செய்யும் அதே வேலை!

சென்னை ஓ.எம்.ஆரில் கார் எதுவும் உருகவில்லை. ஆனால் மேற்கு பார்த்த சீட் கிடைத்தவர்களுக்குத் தெரியும்: மூணு மணிக்கு பிளைண்ட்ஸை இறக்கி, லைட்டைப் போட்டு, ஏசியைக் கூட்டணும். வெளிச்சத்துக்காக வைத்த கண்ணாடிதானே இது? பிளைண்ட்ஸ் கண் கூச்சத்தைக் குறைக்கும்; வெப்பமோ அதற்கு முன்பே கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்தாச்சு. கண்ணாடியே வேண்டாம்னு சொல்லவில்லை. மேற்குச் சுவரிலாவது நிழலை வெளியே கட்டுங்க.