டிகிரி காப்பி

எத்தியோப்பியாவில் நம் காலை ஏழு மணிதான் அவர்களுக்கு ஒரு மணி. காலண்டர் நம்மைவிட ஏழெட்டு வருஷம் பின்னால். மாசமோ பதின்மூன்று!

“அப்ப சம்பளமும் பதின்மூணா சார்?”

“பதின்மூணாவது மாசத்துக்கு அஞ்சாறு நாள்தான் தம்பி. ஆசைப்படாதே” என்றார் கணக்கு புரொபசர். செங்கல்பட்டு கொளவாய் ஏரிப் பக்கம் வீடு. 2000-க்கு அப்புறம் அந்த நாடு மளமளவென்று யுனிவர்சிட்டிகள் திறந்து, வாத்தியார் போதாமல் இந்தியாவிலிருந்து ஆள் எடுத்தபோது ஜிம்மாவுக்குப் போனவர். (இப்போது சென்னை ஐ.ஐ.டி.யே ஆப்பிரிக்காவுக்குப் போய்விட்டது. 2023-ல் ஸான்ஸிபாரில் கிளை!)

சக்கரவர்த்தி ஹெய்லி செலாசி காலத்தில் அவரே சான்ஸலர். தன் கையாலேயே பட்டம் கொடுப்பாராம். 1974-ல் அவரை இறக்கிவிட்டார்கள். பட்டமளிப்பு மவுசு மட்டும் இறங்கவே இல்லை.

ஜிம்மாவில் விழா ‘2 மணிக்கு’ என்றார்கள். அதாவது நம் காலை எட்டு. புதுசாக வந்த வடநாட்டு லெக்சரர் ஒருத்தர் சாப்பிட்டுக் கோட்டு மாட்டிக்கொண்டு மத்தியானம் வர, நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்களாம்!

“ஒரு பையனுக்கு ஒரு பஸ் ஜனம் வரும்யா. பேர் வாசிச்சதும் அம்மாக்காரிங்க குலவை போடுவாங்க பாரு... நம்ம ஊர்க் குலவையேதான். என் ஸ்டூடண்ட் ஒருத்தன் கவுனைக் கழட்டி அவங்கப்பாவுக்கு மாட்டிவிட்டான். காப்பித்தோட்ட விவசாயி, கையெழுத்துக்கூடத் தெரியாது. அந்தாளு அசையாம நின்னாரு.”

கொஞ்சம் நிறுத்தினார்.

“எங்கப்பா நெல் மண்டியில கணக்கு எழுதினவர். எனக்கு எம்.எஸ்ஸி. பட்டம் தபால்ல வந்தது. போஸ்ட்மேனுக்கு எட்டணா குடுத்தார். விழா முடிஞ்சுது.”

அன்று சாயங்காலம் அந்தப் பையன் வீட்டில் விருந்து. பச்சைக் கொட்டையை விருந்தாளி முன்னாலேயே வறுத்து, இடித்து, மூன்று ரவுண்டு காப்பி. அரபிகா காப்பி பிறந்த சீமையாச்சே! நிஜமான டிகிரி காப்பி அதுதான் என்கிறார், கும்பகோணத்துக்காரர்கள் மன்னிக்க.

ஊர் திரும்பியவர் சும்மா இல்லை. மாமல்லபுரம் பக்கம் இருளர் பிள்ளைகளுக்கு இலவச டியூஷன். மாசி மகத்துக்குக் கடற்கரையில் கூடாரம் போட்டுச் சொந்தபந்தமெல்லாம் ஒன்றாகத் தங்கும் ஜனம் அது. அதில் ஒரு பெண், ஜாதி சர்ட்டிபிகேட்டுக்கு நடையாய் நடந்து, இந்த வருஷம் பி.காம். முடித்திருக்கிறாள். வம்சத்திலேயே முதல் பட்டதாரி.

காலேஜில் பெற்றோருக்கு ரெண்டே பாஸ். வீட்டிலிருந்து கிளம்பத் தயாராக இருப்பது பதினோரு பேர், பாட்டி உள்பட.

“முப்பது வருஷம் கணக்கு சொல்லிக் குடுத்தேன் தம்பி. இந்தக் கணக்கு உதைக்குது. பிரின்ஸிபாலைப் பாக்க நாளைக்கு நாலாவது தடவை போறேன். நீயும் வாயேன்.”