அஞ்சடியில் ஓர் இரவு

பெக்கான் நானாஸில் காலையில் யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி, "பசியாறியாச்சா?" கடைவரிசை அஞ்சடியில் அட்டைப்பெட்டியை விரித்துப் படுத்திருப்பவரிடம் மட்டும் யாரும் கேட்பதில்லை. "குடிச்சிட்டுக் கிடக்கிறாரு" என்று ஒதுங்கிவிடுகிறோம். நானும் அப்படிப் போனவள்தான்.

2020 மார்ச் 18, நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிய நாள். சிங்கப்பூர் வேலையை விட முடியாமல், எல்லை மூடுமுன் அங்கே போய்விட்டான் என் சித்தி மகன். தங்க இடமில்லை. அன்றிரவு கிராஞ்சி எம்ஆர்டி நிலையத்தின் அருகே படுத்த மலேசியர்களில் அவனும் ஒருவன். பையைத் தலைக்கு வைத்திருந்த படத்தை வாட்சாப்பில் பார்த்துச் சித்தி அழுதார். "பாவம், பிள்ளை" என்றோம். சோம்பேறி என்று யாருமே சொல்லவில்லை.

அவன் நம் பிள்ளை. அஞ்சடியில் படுத்திருப்பவர் யார் பிள்ளை?

சிங்கப்பூரில் 2019-இல் நடந்த கணக்கெடுப்பில் சுமார் ஆயிரம் பேர் தெருவில் உறங்கியது தெரிந்தது. பேட்டி கண்டவர்களில் பெரும்பாலோர் வேலைக்குப் போகிறவர்கள்! நம் நாட்டில் 1977-ஆம் ஆண்டின் ஆதரவற்றோர் சட்டம் இருக்கிறது. அதன்படி, தெருவில் இருப்பவரை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தி, மூன்றாண்டுகள் வரை இல்லத்தில் தங்க வைக்கலாம். ஜொகூரில் மெர்சிங்கில் அப்படியோர் இல்லம் உண்டு. 2014-இல் கோலாலம்பூர் புக்கிட் பிந்தாங் வட்டாரத்தில் இலவச உணவு வழங்கத் தடை வருமென அறிவித்தபோது, மக்களிடம் கடும் எதிர்ப்பு கிளம்பியது.

என் வானொலி நிகழ்ச்சியில் இதைப் பேசியபோது ஒரு நேயர், "முதல்ல குடியை விடட்டும், அப்புறம் வீடு கொடுக்கலாம்" என்றார். பின்லாந்து 2008 முதல் இதைத் தலைகீழாகச் செய்கிறது. முதலில் வாடகை ஒப்பந்தத்தோடு வீடு. மற்ற உதவிகள் பிறகு. வீடற்றோர் தொகை அங்கே வெகுவாகக் குறைந்தது. கதவைப் பூட்டி நிம்மதியாகத் தூங்க முடிந்தவருக்குத்தானே மற்றதை யோசிக்கத் தெம்பு வரும்?

பின்லாந்து அளவுக்கு நம்மால் உடனே முடியாது. ஆனால் உதவி தேவைப்படுபவரைக் கண்டால், 15999 என்ற தாலியான் காசே எண்ணை அழைக்கலாம். அதற்கு முன், அவருக்கு என்ன வேண்டும் என்று அவரிடமே கேட்கலாம்.

போன வாரம் நான் கேட்டேன். "பசியாறியாச்சாண்ணே?"

"இன்னும் இல்லம்மா. ஏழு மணிக்கு லாரி வந்துடும், வேலைக்குப் போகணும். ஒரு கோப்பி கிடைச்சா போதும்."

இத்தனை நாள் அவரை நான் குடிகாரர் என்றே நினைத்திருந்தேன்.