எந்த ஆஸ்பத்திரி?

சென்ற மாதம் ஒரு நாள் விடியற்காலையில், கடலூர் மஞ்சக்குப்பத்தில் உள்ள நம் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. வந்தவர் சிதம்பரத்தில் சிறிய ஜவுளிக்கடை வைத்திருக்கும் நம் உறவினர். முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. அது நிறைய டாக்டர்களின் காகிதங்கள். காப்பி வேண்டாமென்றார்.

"அண்ணா, பணம் கேட்டு வரவில்லை. எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது என்று மட்டும் சொல்லுங்கள்" என்றார்.

அவருடைய மனைவிக்குக் கருப்பை வாயில் புற்றுநோய். நோய் தெரிந்தவுடன், மைத்துனர்களின் யோசனைப்படி, பெரிய ஊர் ஒன்றில் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார். அங்கே சிகிச்சையில் யாதொரு குறையும் இல்லை என்று அவரே சொன்னார். இரண்டே நாளில் பரிசோதனைகள் முடிந்தன. டாக்டர் உட்கார வைத்துப் பேசினார். 25 நாள் கதிர் வைத்தியம், வாரம் ஒரு முறை மருந்து, அதன் பிறகு உள்ளே கருவி வைத்துச் செய்யும் கதிர் வைத்தியம் என்று திட்டம் வகுத்தார்கள். பதினோராம் நாள் பணம் தீர்ந்துவிட்டது. வளையல்கள் ஏற்கெனவே அடகுக் கடையில். "நாலு நாளில் திரும்பி வருகிறோம்" என்று சொல்லிவிட்டு ஊர் வந்தார்கள். அந்த நாலு நாள் மூன்று வாரமாகிவிட்டது.

நேயர்களே, இந்த மூன்று வாரத்தைப் பற்றித்தான் இன்று எழுத உட்கார்ந்தோம். இந்த வகைப் புற்றுநோய்க்குக் கதிர் வைத்தியம் தொடங்கினால், உள்கதிர் உட்பட எல்லாவற்றையும் 8 வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்பது வைத்திய நூல்கள் ஒப்புக்கொண்ட விதி. இடையே நிறுத்தினால், அடிபட்ட நோயணுக்கள் மறுபடி தலை தூக்கிப் பெருகும். நாள் நீள நீளக் குணமாகும் வாய்ப்பு குறையும். ஆகையால், "சர்க்கார் ஆஸ்பத்திரி நல்லதா, தனியார் ஆஸ்பத்திரி நல்லதா?" என்று திண்ணையில் உட்கார்ந்து விவாதிப்பவர்களை நாம் கேட்பது ஒன்றுதான்: எந்த இடத்தில் தொடங்கினால் கடைசி நாள் வரையில் போய் முடிக்க உங்களால் இயலும்?

சர்க்கார் ஆஸ்பத்திரி என்றால் நம்மவர்களில் பலருக்கு இன்னும் ஒரு கூச்சம் இருக்கிறது. பழைய நாளில் அதைத் தர்மாஸ்பத்திரி என்றார்கள். ஏதோ அன்ன சத்திரத்தில் கை நீட்டுவது போன்ற எண்ணம் அந்தப் பெயரோடு ஒட்டிக்கொண்டது. உப்பு முதல் உடுப்பு வரை வாங்கும் பொருளுக்கெல்லாம் ஏதோ ஒரு வடிவில் வரி கொடுத்து நாம் கட்டிய கட்டிடம் அது. அங்கே போவதில் தர்மம் வாங்குவது எங்கே வந்தது? சிதம்பரத்தையே பாருங்கள். அண்ணாமலை செட்டியார் தோற்றுவித்து, 1929-ல் ஏற்பட்ட பல்கலைக்கழகம். அதில் 1985-ல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி வந்தது. பல்கலைக்கழகம் 2013-ல் சட்டத்தின் மூலம் சர்க்கார் கைக்கு வந்தது. பிறகும் கல்லூரியில் கட்டணம் மட்டும் குறையவில்லை என்று மாணவர்கள் நெடுநாள் போராடினார்கள். 2021-ல் அது சுகாதார இலாகாவுக்கு மாற்றப்பட்டு, கடலூர் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி ஆயிற்று. கட்டிடம் அதேதான், கட்டில்களும் அவைதான். பெயர்ப் பலகை மாறியதால் வைத்தியம் மட்டமாகிவிட்டது என்று யாராவது சொல்வார்களா?

ஆனால் சர்க்கார் ஆஸ்பத்திரியின் குறையையும் மறைப்பதற்கில்லை. வரிசை நீளம். கடலூரிலிருந்து அரை நாள் வேலையாகப் போய்வரக்கூடிய தூரத்தில் புதுச்சேரி ஜிப்மர் இருப்பது நம் பாக்கியம். அந்தப் பாக்கியத்தை விழுப்புரத்தாரும் உணர்ந்திருப்பதால் அங்கே கூட்டத்துக்குக் குறைவில்லை. கதிர் யந்திரத்துக்கு முறை வருவதற்குள் வாரங்கள் ஓடிவிடலாம். ஆகவே, சேருமுன்பே, "யந்திரம் ஓடுகிறதா? எங்கள் முறை எந்தத் தேதியில் வரும்?" என்று கேட்டுக்கொள்ள வேண்டும். தேதி மிகவும் தள்ளிப் போனால், காஞ்சீபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் அண்ணா பெயரால் உள்ள அரசு புற்றுநோய் ஆஸ்பத்திரியையும் விசாரிக்கலாம்.

சர்க்காரும் அல்லாமல், லாபத்துக்கும் அல்லாமல் மூன்றாவது வகை ஒன்று உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் சகோதரி புற்றுநோயால் மாண்ட துயரத்தை மறவாமல், ஊரெல்லாம் நன்கொடை கேட்டு, 1954-ல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு திறந்த ஸ்தாபனம் அது. 2021-ல் காலமான டாக்டர் சாந்தா அம்மையார் தம் வாழ்நாளை அங்கேயே கழித்தார். வசதியுள்ளவர் கொடுப்பதும் இல்லாதவர் கொடாமலிருப்பதும் அங்கே நெடுநாளைய வழக்கம்.

பண விஷயத்துக்கு வருவோம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரையில் உதவுகிறது. திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிகளிலும் செல்லும். ஆனால் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மேற்படாத குடும்பங்களுக்கே அது. நம் நேயர்களில் அநேகர் அந்த வரம்பைச் சற்றே தாண்டியவர்கள், கோடீஸ்வரர்களும் அல்லர். இந்த நடுத்தரத்தார்தான் கௌரவத்துக்காகத் தனியாரிடம் போய், பாதியில் திரும்புகிறவர்கள். தனியாரிடம் போவதில் தவறொன்றுமில்லை. முதல் நாளே முழுச் செலவையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஊசி மருந்து தனியா, ஸ்கான் தனியா, உள்கதிர் அதில் சேர்ந்ததா என்று கேட்கக் கூச வேண்டாம். கல்யாணத்துக்குச் சமையற்காரரிடம் எத்தனை கேள்வி கேட்கிறோம்! பரிசோதனைகளை மட்டும் தனியாரிடம் விரைவாக முடித்துக்கொண்டு, சிகிச்சைக்குச் சர்க்காரிடம் போவதும் புத்திசாலித்தனமே.

மருந்து விலையிலும் கவனம் வேண்டும். 2019-ல் மத்திய சர்க்கார் 42 புற்றுநோய் மருந்துகளுக்கு வியாபார லாபம் நூற்றுக்கு 30-க்கு மேற்படக் கூடாதென்று விதித்தது. ஒரே மருந்து வெவ்வேறு கம்பெனிப் பெயரில் வெவ்வேறு விலைக்கு விற்கும், "விலை குறைந்தது எது?" என்று டாக்டரிடமே கேட்கலாம்.

நம் உறவினரோடு அன்றே ஒரு சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். இளவயது டாக்டர் ஒருவர் பையைக் கொட்டிப் பார்த்தார். ரசீதுகள் எல்லாம் இருந்தன. எவ்வளவு கதிர் கொடுக்கப்பட்டது என்ற குறிப்பு மட்டும் இல்லை. சதைப் பரிசோதனை செய்த கண்ணாடித் தகடும் இல்லை. அவற்றை வாங்கிவர மகன் அன்றிரவே புறப்பட்டான். ஓர் யந்திரத்துக்கு வகுத்த கணக்கை இன்னொன்றில் அப்படியே ஏற்ற முடியாதாம்; மறுபடியும் ஸ்கான், மறுபடியும் கணக்கு. இன்னும் ஆறு நாள் போயிற்று. "முன்னமே இங்கே வந்திருக்கக் கூடாதா, அம்மா?" என்று டாக்டர் கேட்டபோது, அந்த அம்மாள் புருஷனின் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தாள்.

இப்போது தினந்தோறும் போய் வருகிறார்கள். தொலைவான ஊருக்கு ரயிலில் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பர் வகுப்பில் முழுக் கட்டணமும், துணைக்குப் போகும் ஒருவருக்கு முக்கால் பங்கும் தள்ளுபடி உண்டு. ஆஸ்பத்திரியில் அதற்கென்று சான்றிதழ் தருவார்கள். அடகு வைத்த வளையலை விற்று அந்தப் பெரிய ஊருக்கு டிக்கெட் வாங்கிய நம் உறவினருக்கு, இதை அப்போது சொல்வார் யாருமில்லை. நேற்று மாலை டெலிபோனில் பேசினார். ஒன்பதாம் நாள் கதிர் முடிந்ததென்றும், அம்மாள் இரண்டு இட்டிலி சாப்பிட்டாள் என்றும் சொன்னார்.