கடலிலும் சாலை விதி உண்டு

‘கடலில் சாலையும் இல்லை, சிவப்பு விளக்கும் இல்லை, ஜெட் ஸ்கிக்கு எதற்கு விதி?’ என்று பத்து பெரண்டாமைச் சேர்ந்த நண்பர் ஒருவர் கேட்கிறார். கிளெபாங் கடற்கரைக்கு வார இறுதியில் குடும்பத்தோடு போகிற எவரும் இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கக்கூடாது.

விதி இருக்கிறது. 1972-இன் அனைத்துலக மோதல் தடுப்பு விதிகள் ஜெட் ஸ்கிக்கும் பொருந்தும். இரண்டு விசைப்படகுகள் நேருக்கு நேர் வந்தால் இரண்டும் வலப்பக்கம் திரும்ப வேண்டும். மலேசியச் சாலையில் இடப்பக்கம் ஓட்டிப் பழகிய கை, பதற்றத்தில் எந்தப் பக்கம் ஒடிக்கும்? சொல்லிக்கொடுக்காமல் வண்டியைக் கொடுப்பது எனக்குக் குற்றமாகவே படுகிறது.

‘எனக்கு மோட்டார் சைக்கிள் நன்றாக வரும்’ என்பது அவருடைய அடுத்த வாதம். அதுதான் ஆபத்து. ஜெட் ஸ்கி தண்ணீரை உறிஞ்சிப் பின்பக்கக் குழாய் வழியாகப் பீய்ச்சி ஓடுகிறது. அந்தப் பீய்ச்சலேதான் அதைத் திருப்புகிறது. பயந்துபோய் விசையை விட்டால், பல வண்டிகளில் கைப்பிடியை எவ்வளவு திருப்பினாலும் வண்டி நேராகவே போகும். முன்னால் குளிக்கும் பிள்ளை இருந்தாலும் போகும். பின்னால் சறுக்கி விழுபவரின் உடலுக்குள் அந்த நீர் பாய்ந்து குடலைக் கிழிக்கலாம். வெட்சூட் கால்சட்டை போடச் சொல்லி உற்பத்தியாளர்கள் வண்டியிலேயே எச்சரிக்கை ஒட்டுவது அதனால்தான்.

நீச்சல் தெரிந்தவருக்கும் லைஃப் ஜாக்கெட் வேண்டும். மோதலில் மயங்கியவர் நீந்த மாட்டார். எஞ்சினை நிறுத்தும் கயிற்றை மணிக்கட்டிலோ ஜாக்கெட்டிலோ மாட்டாமல் ஏற்றிவிடும் வாடகைக்காரரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.