இருமொழிக் கடமை யாருக்கு?

கனடாவுக்குக் குடியேற நினைக்கும் பலர், அங்கே பிரெஞ்சும் கட்டாயம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2021 கணக்கெடுப்பின்படி அந்த நாட்டில் ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டும் பேசத் தெரிந்தவர்களே 18 சதவீதம்தான். கியூபெக் மாகாணத்தைக் கழித்துவிட்டால் பத்துக்கும் கீழே. பியர் ட்ரூடோ பிரதமராக இருந்தபோது, 1969-இல் வந்த ஆட்சிமொழிச் சட்டம் கடமையைச் சுமத்தியது அரசின் தலையில். குடிமகன் ஒரே மொழியோடு காலம் தள்ளலாம். அவனுக்குப் பதில் சொல்லும் மத்திய அரசுக்கு இரண்டும் தெரிந்திருக்க வேண்டும்.

தலைநகர் ஒட்டாவாவில் மத்திய அரசு அலுவலகக் கவுன்ட்டருக்குப் போனால் 'ஹலோ, போன்ஜூர்' என்றுதான் வரவேற்பார்கள். பிரெஞ்சில் பேசலாமா என்று தயங்கிக் கேட்கும் நிலை யாருக்கும் வரக்கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. இருமொழிப் பதவியில் இருப்பவர்களுக்கு வாசிப்பு, எழுத்து, பேச்சு என்று தனித்தனியே தேர்வு உண்டு. தேறினால் ஆண்டுக்கு 800 டாலர் ஊக்கத்தொகை. 1977-இல் ஆரம்பித்த தொகை, இன்னும் அதே 800. (அதற்காக யாரும் பிரெஞ்சு படிப்பதில்லை, பதவி உயர்வுக்காகப் படிக்கிறார்கள்.)

மாகாணங்களுக்கு வந்தால் கதையே வேறு. சட்டப்படி இருமொழி மாகாணம் நியூ பிரன்ஸ்விக் ஒன்றுதான். கியூபெக்கின் ஆட்சிமொழி பிரெஞ்சு மட்டும். மானிடோபா 1870-இல் உருவானபோது சட்டசபையிலும் நீதிமன்றத்திலும் இரண்டு மொழிக்கும் இடம் இருந்தது. 1890-இல் ஆங்கிலம் மட்டும் போதும் என்று சட்டம் போட்டார்கள். 1970-களில் ஜோர்ஜ் ஃபோரே என்பவருக்கு வண்டி நிறுத்தியதற்கு அபராதச் சீட்டு வந்தது. அது ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது. செல்லாது என்று வழக்குப் போட்டார். 1979-இல் உச்ச நீதிமன்றம் அந்த 1890 சட்டத்தையே ரத்து செய்தது. 1985-இல் இன்னொரு தீர்ப்பு: ஆங்கிலத்தில் மட்டும் இயற்றிய மாகாணச் சட்டங்கள் எதுவுமே செல்லாது. ஒரே நாளில் மாகாணம் சட்டமில்லாமல் நின்றுவிடக் கூடாதே என்று, மொழிபெயர்த்து முடிக்கும்வரை அவற்றுக்குத் தற்காலிக உயிர் கொடுத்தது.

பிரெஞ்சு பேசுபவர்கள் வழக்கில் ஜெயித்தாலும் வீட்டில் மொழி தேய்வதை நிறுத்த முடியவில்லை. நாடு முழுவதும் பிரெஞ்சை முதல் ஆட்சிமொழியாகக் கொண்டவர்களின் பங்கு 2016-இல் 22.2 சதவீதமாக இருந்து, 2021-இல் 21.4-ஆக இறங்கியது. பிரெஞ்சுக்குத்தான் கூடுதல் பாதுகாப்பு தேவை என்பதை 2023-இல் திருத்திய ஆட்சிமொழிச் சட்டம் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டது. கியூபெக்குக்கு வெளியே பிரெஞ்சு பேசுபவர்களைக் குடியேற்ற இலக்கும் வைக்கச் சொன்னது. குடியேற்ற விண்ணப்பத்தில் பிரெஞ்சுக்குக் கூடுதல் புள்ளி கிடைப்பதை நம்மவர்கள் பலரும் இப்போது கவனிக்கிறார்கள்.

ஆனால் ஆளைக் கொண்டுவந்தால் மட்டும் போதாது. ஒன்டாரியோ மாகாணத்தின் சட்பரி நகரில் குடியேறும் குடும்பத்துக்குப் பக்கத்தில் பிரெஞ்சுப் பள்ளியில் இடம் இல்லையென்றால் பிள்ளை ஆங்கிலப் பள்ளிக்குத்தான் போகும். சிறுபான்மையாக இருக்கும் இடத்திலும் தம் மொழியில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் உரிமையை 1982 அரசியல் சாசனம் கொடுத்திருக்கிறது, அதுவும் போதிய பிள்ளைகள் இருந்தால்தான். ஆட்சிமொழிகளுக்காக மத்திய அரசு 2023-இல் அறிவித்த ஐந்தாண்டுத் திட்டத்தின் 410 கோடி டாலரில் முதல் செலவு வகுப்பறைக்கும் ஆசிரியருக்கும் போக வேண்டும் என்பேன். கவுன்ட்டரில் சொல்லும் 'போன்ஜூர்' அதற்கு அப்புறம்தான்.